கேமரா இருந்த இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. பொங்கி வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கீழே இறங்கினேன். காருக்குள் விட்டிருந்த குடையை எடுக்க வேண்டியிருந்தது. வேறு எந்த வேலையும் இல்லை.

கதவைத் திறந்து குனிந்தபோது முன் கண்ணாடியில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியை ஒட்டி எப்போதும் தொங்கும் கேமரா இல்லை. அது இருந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம், பாதி பிய்ந்த பஞ்சுப் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கேமராவை வாங்கி மாட்டியவர் என் கணவர். தாம்பரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ பின்னால் வந்து எங்களை இடித்துவிட்டு, நாங்கள்தான் இடித்தோம் என்று கூட்டம் சேர்த்ததிலிருந்து அவருக்கு அது வேண்டும். எனக்கு வேண்டாம். நம்மை இடிப்பதை மட்டுமா அது பிடிக்கும், ஊரில் நடப்பதையெல்லாம் பிடிக்கும், அப்புறம் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு நாம்தான் நடக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். மகள் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேமரா எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கவில்லை. டாஷ்போர்டு அறைக்குள் இருந்தது. ஒயரை நேர்த்தியாகச் சுற்றி, மகளின் தலைமுடி ரப்பரைப் போட்டு வைத்திருந்தது. பசை விட்டுத் தானாக விழுந்த பொருள் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ரப்பர் போட்டுக்கொள்ளாது. கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். மெமரி கார்டு செருகும் வாய் கண்ணாடியைப் பார்த்த பக்கம் இருக்கிறது. கேமராவைக் கழற்றினால்தான் கார்டை எடுக்க முடியும். வாய் காலியாக இருந்தது.

முந்தைய நாள் காரை எடுத்துப் போனவள் மகள்தான். நாவலூரில் வேலை. சில சனிக்கிழமைகளில் அவளுக்கு ஆபீஸ் உண்டு, அன்றைக்கெல்லாம் கார் அவளுடையது. இரவு வந்தவள் தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். காலையில் ஆறு மணிக்கு முன்பே எழுந்து, தோழிக்கு உடம்பு சரியில்லை என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கார் பக்கத்தில் நின்றபடியே அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். 'அப்புறம் பேசறேன்மா' என்று எழுத்தாக வந்தது.

காருக்குள் யாரையோ ஏற்றியிருக்கிறாள், அப்பா பார்த்துவிடக் கூடாது என்று கார்டை எடுத்திருக்கிறாள். முதலில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். யார் அந்தப் பையன், என்ன வேலை, எந்த ஊர் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே மாடி ஏறினேன். அந்தச் சந்தேகத்தோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அதற்குப் பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைவதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாம் மாடி அம்மா எழுதியிருந்தார். நம் மீன்காரரை நேற்று மாலை மேடவாக்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் இடித்துவிட்டது, காலில் நல்ல அடி, கார் நிற்கவே இல்லை, இன்றைக்கு மீன் வராது, வேண்டுகிறவர்கள் மார்க்கெட்டுக்குப் போய்க்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒருவர், இறாலும் வராதா என்று கேட்டிருந்தார்.

எங்கள் கார் வெள்ளை.

மீன்காரரும் அவர் மனைவியும் கடலோரக் குப்பத்திலிருந்து மொபெட்டில் வருகிறவர்கள். முன்னால் ஐஸ் பெட்டி, பின்னால் அந்த அம்மா, அவர் மடியில் அரிவாள்மனை. மீன்காரர் எடை போட்டுக் கொடுக்க, அந்த அம்மா எங்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து செதில் நீக்கித் தருவார். ஞாயிறுதோறும் என் வீட்டு வஞ்சிரத்தை வெட்டிய கை. நான் பேரம் பேசினால் சிரிப்பார், குறைக்க மாட்டார்.

மறுபடி கீழே ஓடினேன். காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தேன். பம்பரின் இடது ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. அது நேற்று விழுந்ததா, போன தீபாவளிக்கே இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற காரில் எது பழசு எது புதுசு என்று தெரியாமல் இருக்கிறேனே என்று எனக்கே பயமாக இருந்தது. விரலால் தடவினேன். தூசி வந்தது. தூசி படிந்திருந்தால் பழைய கீறல்தானே என்று ஒரு நிமிடம் நிம்மதி. இந்த ஊரில் ஒரே ராத்திரியில் அவ்வளவு தூசி படியும் என்பது அடுத்த நிமிடம் ஞாபகம் வந்தது.

கணவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அன்று காலை ஷிப்ட். மூன்று மணிக்கு மேல் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். வந்ததும் காரைத்தான் பார்ப்பார். அதற்குள் கேமரா பழைய இடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே அதை முடிவு செய்தேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

பழைய பசையின் மேல் புதுப் பசை நிற்காது. முதலில் வாட்ச்மேன் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, மகளின் ஹேர் டிரையரால் அந்தச் சதுரத்தை மெல்லச் சூடாக்கினேன். ஒரே இடத்தில் காட்டினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடுமோ என்று பயந்து தள்ளித் தள்ளிக் காட்டினேன். பஞ்சு இளகியதும் தையல் நூலை இரண்டு கையிலும் பிடித்து, சோப்பை அறுப்பதுபோல் அடியில் விட்டு அறுத்தேன். பஞ்சு வந்துவிட்டது. பசை வரவில்லை. நகத்தால் சுரண்டினால் உருண்டு திரண்டு வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டது. பிளேடு வைக்க மனம் வரவில்லை, கோடு விழுந்தால் அதற்கும் கணவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். நீலகிரித் தைலத்தில் பஞ்சை நனைத்துப் பசையின் மேல் ஒற்றிவைத்துக் காத்திருந்தேன். பிறகு காலாவதியான பேங்க் கார்டின் ஓரத்தால் சுரண்டினேன். அழுக்குப் பிசினாகக் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்தது.

கார் முழுக்கத் தைல வாசனை. வாட்ச்மேன் வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, காருக்கு ஜலதோசமா? தைலம் பூசிகினு கீறீங்க."

பசை என்றேன்.

"நேத்து நைட்டு பாப்பாகூட இப்டித்தான் குந்திகினு இதே எடத்த பிராண்டிகினு இருந்துச்சு. லைட்டுகூட போடல. இன்னா பாப்பான்னேன். ஒண்ணுமில்லண்ணா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னுச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஏன் சொல்லப்போறேன்?"

அழுதாளா என்று கேட்டேன். அது தெரியாது, இருட்டில் செல்போன் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, யாரிடமோ ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள் என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்றிருந்தது.

அதற்குப் பிறகு கை வேகமாக ஓடியது. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் எண்ணெயைத் துடைத்தேன். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த சானிடைசரில் கடைசி பாட்டிலைப் பிழிந்து, பிசுக்கு போகும்வரை மீண்டும் துடைத்தேன். கண்ணாடி சுத்தமாகிவிட்டது. வெளியே நின்று பார்த்தால் அங்கே எதுவும் இருந்ததாகவே தெரியாது. துடைக்கத் துடைக்க, நான் பசையைத்தான் துடைக்கிறேனா என்று சந்தேகம் வந்தது. அவள் கார்டை எடுத்து மறைத்தாள், நான் அவள் எடுத்த தடத்தை மறைக்கிறேன். அந்த மனிதர் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று குழுவில் ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்டால், இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று யாராவது நினைப்பார்களோ என்று ஃபோனைத் தொடவில்லை.

கேமராவோடு வந்த பெட்டியில் ஒரு டபுள் சைடு டேப் மிச்சம் இருந்தது. அதை, கேமராவோடு பிய்ந்து வந்திருந்த தாங்கியில் ஒட்டி, கண்ணாடியில் வைத்துக் கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்தினேன். ஒட்டியபின் ஒரு நாள் பொறுத்துத்தான் கேமராவை மாட்ட வேண்டும் என்று முதல் தடவை கணவர் சொல்லியிருந்தார். ஒரு நாளுக்கு எங்கே போவேன்? உடனே மாட்டினேன். கொஞ்சம் சாய்ந்து நின்றது. ஒயரை மேல் விளிம்புக்குள் செருகிக்கொண்டிருந்தபோது கேட்டில் ஆட்டோ வந்து நின்றது.

இன்றைக்கும் வீட்டில் யாராவது தைலத்தைத் திறந்தால், அந்த ஆட்டோ நின்ற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்கிறது.

இறங்கியது மீன்காரரின் மனைவி. ஐஸ் பெட்டியும் இல்லை, அரிவாள்மனையும் இல்லை. சேலை கசங்கியிருந்தது, ராத்திரி அதே சேலையில் எங்கோ உட்கார்ந்திருந்த மாதிரி. என் வீடு எது என்று வாட்ச்மேனிடம் கேட்கவில்லை. பார்க்கிங்கில் நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் காரின் எதிரே வந்ததும் நின்றார். நம்பரைப் படித்தார். கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தார், மறுபடி நம்பரைப் பார்த்தார்.

நான் காரிலிருந்து இறங்கி, பம்பரின் இடது ஓரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். என்ன, எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"எங்க வண்டி நேத்து வெளியவே போகலைங்க."

அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை. வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கண்ணாடியைப் பார்த்தார், அதில் சாய்ந்து தொங்கும் கேமராவைப் பார்த்தார். பிறகு, மீன் வெட்டும்போது பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"உங்க பொண்ணு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துகினு கீது, யக்கா. அது அந்தக் காரு பின்னாடியே வந்துகினு இருந்திருக்கு, இடிச்சிட்டு ஓடுனவன் நம்பரு உங்க கேமராவுலதான் கீது. கார்டு குடுத்துடுச்சு. அதுல டைமு தப்பா காட்டுதாம், கேமராவையும் கொண்டாரச் சொல்றாங்க." ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். "அம்மாவ ஃபோன்ல கேட்டா வண்டியே வெளிய போகலம்பாங்க, நீங்களே நேர்ல போயி கேளுங்க அக்கான்னு உங்க வண்டி நம்பரு எழுதிக் குடுத்துச்சு. அப்டிலாம் சொல்ல மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். கழட்டிக் குடுங்க யக்கா, ஆட்டோ நிக்குது."