மதினியின் சேலையில் ஒட்டாதது

என் அண்ணன் மகளுக்கு நோயைக் கொடுத்தவள் நான். பழியைச் சுமப்பவர் அவளைப் பெற்ற என் மதினி. நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது...

சிவகாசியில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு எம். புதுப்பட்டியில். பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. மதினி மறுபடியும் பட்டாசு கம்பெனி வேனில் ஏறினார். அன்றே நான் சட்டம் போட்டேன். வந்ததும் நேரே குளியலறை. தலைக்குக் குளிக்க வேண்டும். சேலை தனி வாளியில். நகக்கண்ணில் வெடிமருந்துத்தூளின் சாம்பல் நிறம் தெரியக் கூடாது. அதன் பிறகே குழந்தை.

"ஒங்க மக சட்டத்துக்கு கலெக்டரே வந்தாலும் குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும் அத்தே" என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார் மதினி. ஆனால் ஒருநாளும் மீறியதில்லை. பால் கட்டி வலித்தாலும், உள்ளே குழந்தை வீறிட்டாலும், குளித்துவிட்டே வருவார்.

சளி பிடித்தவர் குழந்தையைத் தொடக் கூடாது என்று மட்டும் நான் சட்டம் போடவில்லை. எனக்குத் தெரியாதா? இருமும் குழந்தைகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுப்பதுதானே என் வேலை!

ஒரு மாலை, தொண்டைக் கரகரப்போடு வீடு திரும்பினேன். மதினியின் வேன் இன்னும் வரவில்லை. என்னைக் கண்டதும் பாப்பா கைகால்களை உதறிச் சிரித்தாள்... தூக்கினேன். கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டேன்.

"என்னடி மூக்கு ஒழுகுது?" என்றாள் அம்மா.

"நீ மொளகா வத்தல் வறுத்தேல்ல, அதான்."

ஏன் பொய் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் அவளைக் கீழே விட வேண்டுமே... அவ்வளவுதான். அவ்வளவு சின்னக் காரணம்!

சில தும்மல்களோடு எனக்குச் சரியாகிவிட்டது. அதன் பிறகு பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது, இருமல் வந்தது. பிறகு மூச்சிழுக்கும்போதெல்லாம் விலாவுக்கடியில் குழி விழுந்தது. மார்பில் வாய் வைத்தவள் மூச்சுக்காக விட்டுவிட்டு அழுதாள். அழவும் மூச்சு போதவில்லை.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் கேட்டார்: "இது வைரஸ்மா. வீட்ல யாருக்காவது சளி இருந்துச்சா?"

"யாருக்கும் இல்லீக டாக்டரம்மா" என்றாள் அம்மா. "இவதான் கம்பெனிக்குப் போயிட்டு வாரா. அம்புட்டுத் தூளும் சேலையில ஒட்டிக்கிட்டுல்ல வருது."

மதினி தன் நகங்களைப் பார்த்தார். "அங்கன எல்லாருந்தான் இருமுறாக. நாந்தான் கொண்டாந்திருப்பேன்."

நான் கட்டிலுக்கு மறுபுறம் நின்றிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை...

என் படிப்பு எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. ஒன்றையும் செய்ய உதவவில்லை. அந்தக் கிருமியை என் உடல் முன்பே பலமுறை கண்டிருக்கும். மூக்கோடு நிறுத்திவிட்டது. அவளுக்கோ அது முதல் முறை. கருவில் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குறைந்துகொண்டிருக்கும் வயது. பழகாத உடல் தன்னால் இயன்ற மட்டும் போராடியது. அந்தப் போராட்டமே நூல் போன்ற மூச்சுக்குழல்களை வீங்க வைத்து அடைத்தது! கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தோம்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்றும் சாதாரணச் சளி வந்தால்கூட அவள் நெஞ்சு விசிலடிக்கிறது.

என்னிடமிருந்துதான் தொற்றியது என்பதற்கு ஆதாரம் உண்டா? இல்லை. கம்பெனியில் இருமியவர்களிடமிருந்தும் வந்திருக்கலாம். என் மூக்கில் ஒரு பஞ்சுக்குச்சி விட்டிருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை. தெரிந்துவிடுமே என்ற பயம்! இப்போது எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது. சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுக்கப் பார்க்கிறேன்... அந்தக் கன்னத்தின் சூடு நினைவுக்கு வருகிறது. கொடுக்க முடியவில்லை.

மதினி இன்னும் வேலைக்குப் போகிறார். போகாமல் எங்கள் வீடு நடக்காது. கலெக்டர் கிண்டல் நின்றுவிட்டது. இரண்டு முறை குளிக்கிறார். துணி துவைக்கும் பிரஷ்ஷால் விரல்களைத் தேய்த்துத் தேய்த்து, நகக்கண்கள் சிவந்து கிடக்கின்றன.

நேற்றும் ஈரத் தலையோடு வாசற்படியில் நின்றார். பாப்பா என் இடுப்பில் இருந்தாள். தாயைக் கண்டதும் தாவினாள். மதினி கை நீட்டவில்லை. விரல்களை என் பக்கம் விரித்துக் காட்டினார்.

"பாத்துச் சொல்லு தேவி... நான் தூக்கலாமா?"

"தூக்குங்க மதினி" என்றேன்.