ஐந்தாவது பெனால்டி

தேசப்பன் கஜபதி (1972 – 2009) திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்த விசைப்படகுத் தொழிலாளி. தரையில் அவரால் ஓரிடத்தில் அமர இயலாது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

2004-ஆம் ஆண்டு அந்த நடை மிகுந்தது. மணலித் தொழிற்சாலை ஒன்றில் அவருக்குக் காவலாளி வேலை கிடைத்திருந்தது. முந்தைய ஐப்பசியில் படகின் இயந்திரம் பழுதாகி, மூன்று நாள் அவர் கரை திரும்பவில்லை. அதை மறவாத மனைவி மோகனப்ரியா, வேலையை ஏற்கும்படி வற்புறுத்தினார். கஜபதிக்கு மனமில்லை. வாதம் ஓயாததால், பர்மா பஜாரில் வாங்கிய வீடியோ கேமில் கால்பந்து ஆடித் தீர்மானிக்க இருவரும் இசைந்தனர். அவர் கடலில் இருந்த நாள்களிலெல்லாம் மோகனப்ரியா அதை ஆடிப் பழகியிருந்தார்.

ஆட்டம் சமனாகிப் பெனால்டிக்கு வந்தது. மோகனப்ரியா ஒரு கோல் முன்னிலையில் இருந்தார். ஐந்தாவது உதையைத் தவறவிட்டால் கஜபதி தோற்பார்.

“இன்னா மாமா, செவுத்துல சாஞ்சிக்கினே?”

“என் ஒடம்பப் பாத்துதானே தடுத்துகினு கீற. இப்பத் தடு பாக்கலாம்.”

படகு சாயும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தே பழகியவர் அவர். பந்தை இடப்புறம் உதைக்க எண்ணினால் உடல் வலப்புறம் சாயும். சுவர் உடலை நிறுத்தியது. ஆனால் வலக்காலின் கட்டைவிரல் தரையை அழுத்தியது. மோகனப்ரியா கோல்கீப்பரை இடப்புறம் பாயச் செய்து பந்தைத் தடுத்தார்.

“கால எங்க ஒளிச்சு வெப்பே, மாமா?”

கஜபதி எழுந்து வாசலுக்கு நடந்தார்.

அவர் கடைசியாகக் கடலுக்குச் சென்றது, அந்தத் தடைக்காலம் தொடங்குவதற்கு முன், 2004 ஏப்ரல் 12.