முனீஸ்வரியை வரவைத்த ஹாரன்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், கம்பம் ஊரில் சொந்தமாக ஆறு ஜீப் வைத்திருந்தவன். முதியோருக்குப் பகல்நேர மையம் திறந்ததும் நானேதான். சூடான சோறு, தாயக்கட்டை, பிரஷர் பார்க்க நர்ஸ், எல்லாம் உண்டு. என் ஜீப்பிலேயே காலமெல்லாம் ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலிவேலைக்குப் போய்வந்த முனீஸ்வரி மட்டும் வரவில்லை. தனியாளாகி, அடுப்புப் பற்றவைப்பதையே விட்டிருந்தாள். மையத்துக்கு ஆள் ஏற்ற வரும் எங்கள் வேனைக் கண்டால் கதவை அடைத்துவிடுவாள்.

“ஏத்திக்கிட்டுப் போயி அநாத விடுதியில தள்ளிருவாக” என்பாள்.

விடுவேனா? பழைய ஜீப்பை எடுத்துப்போய், வேலைக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரியே ஹாரனை நீட்டி அடித்தேன். தலையில் துண்டும் கையில் தூக்குச்சட்டியுமாக ஓடி வந்தாள்.

“எந்த எஸ்டேட்டுண்ணே?”

“சாப்பிடுற எஸ்டேட்டு. ஏறு ஆத்தா.”

“அங்கன ஆள் சேக்குற கங்காணி யாரு?”

“இனிமே நீதேன்.”

இப்போது வீடு வீடாகப் போய் ஆள் திரட்டுவது அவள்தான். ஹாரன் யோசனை என்னுடையது.