தாம்பாளத்தில் வைத்த பணம்

என் மைத்துனன் தயாளனின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான்.

குடிக்கக் கற்றுக்கொடுத்துக் கெடுக்கவில்லை. அவன் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கவுமில்லை. என் வருமானத்தைப் பற்றி ஒரு பொய் சொன்னேன்... அவ்வளவுதான். ஒரு பொய்யிலா ஒரு குடும்பம் குலையும் என்று நீ கேட்கலாம். குலையும். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

1991ஆம் வருடம். பென்னலூரில் குடியிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினேன். பம்பாய்க்குச் சரக்கு ஏற்றிப் போய், அங்கிருந்து கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்புகிற வேலை.

லாரிக்காரனுக்கு என்ன கூலி என்று உனக்குத் தெரியுமா? மாதச் சம்பளம் என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதற்கு மேல், வண்டி ஓடுகிற நாளுக்குப் படி. கவனி, ஓடுகிற நாளுக்கு மட்டும்! தொழிற்சாலை வாசலில் சரக்கு இறக்க ஆள் வராமல் நாள்கணக்கில் கிடந்தால், அந்த நாளெல்லாம் சும்மா. சாப்பாடு நம் செலவு. ஒரு மூட்டை குறைந்தால் நம் சம்பளத்தில் பிடிப்பார்கள். குண்டும் குழியுமான ரோட்டில் டயர் வெடித்தால், ரோட்டை யாரும் கேட்கமாட்டார்கள், நம்மைத்தான் கேட்பார்கள்.

புறப்படும்போது முதலாளி ஒரு கட்டு நோட்டு கொடுப்பார். டீசலுக்கு, செக்போஸ்ட்டுக்கு, வழியில் கை நீட்டுகிறவர்களுக்கு. அட்வான்ஸ் என்போம். அதில் ஒரு தாள்கூட நம்முடையது அல்ல. திரும்பி வந்ததும் பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் வெளியில் பேசுவோமா? முதலாளியிடம் அழுவோம். பெண்டாட்டியிடம் பாதியைச் சொல்வோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் ஒவ்வொருவனும் ராஜா. அடுத்தவன் அளப்பது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்டுவோம். நாளைக்கு நாம் அளக்கும்போது அவன் தலையாட்ட வேண்டுமே!

அந்த வருடம் என் மகளுக்குக் காது குத்தினோம். படப்பையில், மாமனார் வீட்டில். தாய்மாமனான தயாளன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். அவன் பெங்களூர் ரோட்டோரம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அப்போதுதான் நிரந்தரமாக்கியிருந்தார்கள். போனஸ் பணத்தில் மருமகளுக்குத் தங்கத்தில் தோடு வாங்கி வந்திருந்தான்.

மாமனார் தோட்டைத் தாம்பாளத்தில் வைத்து உறவுக்காரர்களுக்குக் காட்டினார்.

"என் புள்ளைக்கு மாசம் பொறந்தா கையில சம்பளம். ரோட்ல காஞ்சிகினு கெடக்கற பொழப்பு இல்ல" என்றார். பேச்சு அவர்களிடம். பார்வை என்மேல்.

என் மனைவி கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பம்பாய்க்குக் கிளம்ப வேண்டும். அட்வான்ஸ் பணம் என் சட்டைப்பையில் இருந்தது. அந்தக் கட்டை எடுத்துத் தாம்பாளத்தில், தோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஒரு பம்பாய் டிரிப்புல எனக்கு நிக்கறது இது, மாமா" என்றேன்.

உறவுக்காரர்கள் கட்டை எட்டிப் பார்த்தார்கள். கஸ்தூரி நிமிர்ந்தாள்... கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை. சாயங்காலம், பாங்க்கில் போடுகிறேன் என்று சொல்லி அவளிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில வாரம் கழித்துத் தண்டலத்தில், நான் வழக்கமாக வண்டியை நிறுத்தும் டீக்கடைக்குத் தேடி வந்தான்.

"மாமா, நெஜமா சொல்லு. அன்னிக்கு வெச்சியே, அவ்ளோ வருமா? நான் இங்க உலை சூட்டுல வெந்துகினு கீறேன். பர்மனென்ட்டுன்னு பேருதான். நீ ஒரு டிரிப்புல பாக்கறத நான் வருசம் பூரா நின்னாலும் பாக்க முடியாது போல கீதே."

தப்பித்துக்கொள்ளக் கடவுள் கொடுத்த வழி அது. 'இல்லைடா, அது முதலாளி பணம்' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் எதிர் பெஞ்சில் எங்கள் கம்பெனி டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முந்திக்கொண்டார்.

"உங்க மாமாவுக்கு இன்னா கொறச்சல் தம்பி? பம்பாய் லைன்ல ராஜா அவரு."

அவருக்கு என் கூலி அணா பைசாவாகத் தெரியும். அவர் கூலியும் அதுதான்.

"ஒழைச்சா வரும்டா" என்றேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருடமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்காகவா! அவரும் பொய்யர்தானே... அவர் முன்னால் குறைந்து போனால் எனக்கு என்ன போயிருக்கும்?

தயாளன் வேலையை விட்டான். அப்பன் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. கணக்கு முடித்து வந்த பணத்தில் வண்டி பழகி, லைசென்ஸ் எடுத்தான். நானே அவனை என் லாரியில் இரண்டாவது டிரைவராகச் சேர்த்துவிட்டேன். வேறு எங்கே சேர்ந்தாலும் குட்டு சீக்கிரம் உடைந்துவிடுமோ என்ற பயம். என்னிடம் இருந்தாலும் உடையும் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

முதல் டிரிப் முடிந்து முதலாளியின் ஷெட்டில் நின்றோம். பிடித்தம் போக மிச்சத்தை அவன் கையில் வைத்தார். தயாளன் பார்த்தான். மேலும் வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். முதலாளி அடுத்தவனைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டான்.

"மாமா... அன்னிக்குத் தட்டுல வெச்சது?"

"அட்வான்ஸ்டா. மொதலாளி துட்டு."

அவன் என்னை அடித்திருக்கலாம். சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வண்டியின் பக்கப்பலகையில் சாய்ந்து நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"வூட்ல சொல்லிடாத மாமா. அப்பா சிரிப்பாரு."

நான் வெட்கப்படவில்லை, தெரியுமா? நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். என் பொய்யைக் காப்பாற்ற இன்னொருவன் கிடைத்துவிட்டான்!

அன்றிலிருந்து அவனும் அளந்தான். படப்பையில் அவன் ராஜா ஆனான். அவனுக்குப் பெண் பார்த்தபோது பெண்ணின் அப்பா என்னைத் தனியாக அழைத்து விசாரித்தார். நீயே சொல், அங்கே உண்மையைச் சொல்ல முடியுமா? "தாராளமா குடுக்கலாம். கைநெறைய சம்பாதிக்கறான்" என்றேன்.

மலர் அந்த வார்த்தையை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள்.

பிறகு நடந்தது உனக்கே புரியும். வீட்டுக்கு வந்தது கைநிறையப் பணம் அல்ல. அவள் நகை ஒவ்வொன்றாக அடகுக்குப் போனது. மாமனார் விட்டுப்போன நிலமும் கைமாறியது. இப்போது அதில் மனைக்கற்கள் நிற்கின்றன. தயாளனோடு உலையடியில் நின்றவர்கள் முழுச் சர்வீஸும் பார்த்து, கௌரவமாக ஓய்வு பெற்று, வீடு கட்டிவிட்டார்கள். அவன் இன்றைக்கும் ஒரகடம் ரோட்டில் கம்பெனிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். பார்வை மங்கிவிட்டது. வெளியே சொல்வதில்லை. சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள்.

சென்ற ஆவணியில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் இருவருக்கும் இலை போட்டு மலர் பரிமாறினாள். பேச்சுவாக்கில், மனதில் வெகுநாள் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணா, நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. அப்போ இவரு கைநெறைய சம்பாதிச்சாருன்னு நீங்கதான் எங்கப்பாகிட்ட சொன்னீங்க. வூட்டுக்கு வரவேயில்லியே... அந்தப் பணமெல்லாம் எங்க போச்சு? பம்பாய்ல யாரையாவது வெச்சிகினு இருந்தாரா? இப்பவாவது சொல்லுங்கண்ணா. இனிமே கோச்சிக்க இன்னா கீது?"

இத்தனை வருடமும் அவள் அந்தச் சந்தேகத்தோடுதான் அவனுடன் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றேன்.

ஊற்றினாள். சாப்பிட்டேன்.