"பாப்பம்" என்றால் எந்தப் பெட்டி?

தொலைபேசியில் கருத்துக் கேட்கிற வேலை என்பது, சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பி, அவருக்கே தெரியாத அவருடைய மனதை அவரிடமே கேட்பது. இந்த வேலை செய்து ஏச்சு வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

நான் மொன்றியலில் சீஜெப் என்கிற கல்லூரியில் படிக்கிற மாணவி. பின்னேரங்களில் லாசாலில் ஒரு அலுவலகத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எல்லைக்கு அங்கால் அமெரிக்காவில் இருக்கிற தமிழ் வாக்காளர்களைக் கூப்பிடுவேன். அந்த வாய்வீச்சு ஜனாதிபதி வேட்பாளரைப் பற்றித்தான் கேள்வி. திரையில் மூன்று பெட்டி: ஆம், இல்லை, முடிவில்லை. "முடிவில்லை" கூடினால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் வித்யா அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். கர்க்லாண்ட் புறநகரிலிருந்து வருகிற சென்னைக்காரி அவர். எனக்கோ ஒரு குரலை ஒரு தரம் கேட்டால் போதும், அது என் தொண்டையில் குடியேறிவிடும். முன்பு வேலைக்கு நின்ற டெப்பனர் என்கிற மூலைக்கடையில் முதலாளியைப் போலப் பேசிக் காட்டியதற்கே நிறுத்திவிட்டார்கள். வாய்க்குச் சம்பளம் தருகிற இடம் இது ஒன்றுதான். விட முடியுமா?

ஏற்றுக்கொள்கிறீர்களா?

கேள்வியை ஏதோ கணினி தமிழாக்கியிருந்தது. "இந்த வேட்பாளரை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று நியூஜேர்சியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் கேட்டேன். அந்தப் பக்கம் குக்கர் மட்டும் விசிலடித்தது. சரி, கேட்கவில்லையாக்கும் என்று கொஞ்சம் உரக்க, "அம்மா, அவரை ஏற்றுக்கொள்கிறீர்களா, இல்லையா?" என்றேன். வந்ததே பதில்:

"பிள்ளை, எனக்குக் கலியாணம் முடிஞ்சு பேரப்பிள்ளையளும் இருக்கினம், இந்த வாய்க்காரனை எனக்கு மாப்பிளையா ஆர் பேசினது?"

வெட்கப் பெட்டி

டெக்சாசில் ஒரு தமிழ்நாட்டு இன்ஜினியர். "அவர் பேச்சு அசிங்கம்தாங்க. ஆனா டாக்ஸைக் குறைப்பேங்கிறாரே!"

"அப்போ ஆம் என்று போடட்டுமா?"

"ஐயையோ, போட்டுடாதீங்க. என் பொண்ணுக்குத் தெரிஞ்சா என்கூடப் பேசவே மாட்டா."

"சரி, இல்லை என்று போடுகிறேன்."

"இல்லைன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

இப்படியே சுற்றிச் சுற்றி வந்தோம். எனக்குத் தலை விறைத்தது. கடைசியில் அவரே எனக்காக இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்:

"'ஆமா, ஆனா வெக்கமா இருக்கு'ன்னு ஒரு பெட்டி வைங்க, இப்பவே டிக் பண்ணிடறேன்."

பாப்பம்

நியூயோர்க்கில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணை. "அவர் வந்தால் கடையிலை களவெடுக்கிறவங்களுக்குப் பயம் வரும். ஆனா என்ரை மச்சான்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அவனைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாரெண்டும் பயமாக் கிடக்கு."

"அப்ப வோட்டுப் போடுவீங்களோ அண்ணை?"

"பாப்பம்."

பாப்பம்! இதை எந்தப் பெட்டியில் போடுவது? வித்யா அக்காவிடம் ஓடினேன். "பார்ப்போம்னா பாசிட்டிவ்தானே?" என்றார். நான் விளக்கினேன். கலியாண வீட்டுக்கு வாறீங்களோ என்று அப்பாவைக் கேட்டால் பாப்பம் என்பார், வரமாட்டார். எனக்குப் புதுப் போன் வேண்டும் என்றால் பாப்பம் என்பார், கிடைக்காது. இன்னொரு துண்டு கேக் வேண்டுமோ என்று கேட்டாலும் பாப்பம்தான். ஆனால் தட்டு நீளும். வித்யா அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேணாம், அந்த மனுஷனையே திரும்பக் கூப்பிட்டு ஆமாவா இல்லையான்னு கேளு, இன்னொரு 'முடிவில்லை' வந்துச்சுன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

வேட்பாளரே கூப்பிட்டால்

கூப்பிட்டேன். "பேந்து பாப்பம் பிள்ளை" என்றார் அண்ணை. பொறுமை போய்விட்டது. தொண்டையைச் செருமினேன். அந்த வேட்பாளரின் குரல் தானாக வந்தது, அதுவும் தமிழில்: "டேய்! நான்தான் கதைக்கிறன்! நாட்டைத் திருத்த என்னை விட்டால் ஆளில்லை! எனக்குப் போடுவியோ, மாட்டியோ?"

"போடமாட்டன்ரா!" என்று வெடித்தார் அண்ணை. "அனுப்புவன் அனுப்புவன் எண்டு குழறுறியே, என்ரை மச்சான்ரை பிள்ளையளுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது? நீயோ?"

ஆகா! "இல்லை" பெட்டியில் அழுத்திவிட்டு இருந்த இடத்திலேயே துள்ளினேன். அதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. "பிள்ளை, நீதானே இது? அந்தாள் நேரை வந்து கேட்டிருந்தால் இவ்வளவும் சொல்லியிருக்கமாட்டன். ஓமெண்டு சிரிச்சிருப்பன்." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் பெட்டியை மாற்றவில்லை. திரும்பினால், அதே அழைப்பை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வித்யா அக்கா பின்னால் நின்றார்.

"இங்க யாருமே இவ்ளோ தெளிவா ஒரு பதில் வாங்கினதில்லம்மா, ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டுக் கெளம்பு."

ஆக, ஒருவருக்கும் மனம் ஒருபக்கம் நிற்காத அந்தத் தேர்தலில், "ஆனா"வும் "பாப்பம்"மும் இல்லாமல் சட்டென்று எடுக்கப்பட்ட ஒரே முடிவு என்னை வீட்டுக்கு அனுப்பியதுதான்.