தாருக்கு அடியில் ஏழு இலக்கம்

வெர்லின் கோப் என்பவரைப் பார்த்துக்கொள்ள நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு எண்பத்தோரு வயது. இடது இடுப்பில் மாற்று மூட்டு, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, இரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை. நடக்கும்போது பிடித்துக்கொள்ள நான்கு கால் சட்டம். புத்தி தெளிவு. பிள்ளைகள் இல்லை. மனைவி நதீன் போய்ப் பன்னிரண்டு வருடம். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு நான்கு மணி நேரம் என்று மாவட்ட அலுவலகம் எழுதிக் கொடுத்தது. அதில் சனிக்கிழமை கட்டாயம் இருக்க வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியிருந்தார்.

"சனிக்கிழமை என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"ஆளுங்க வருவாங்க, ஐரீன். எனக்கு இப்ப கெட்டிலத் தூக்க முடியல. காபி போட ஆள் வேணும்."

ஆட்கள் அவரைப் பார்க்க வரவில்லை, காரைப் பார்க்க வந்தார்கள். கராஜில் ஒரு ஷெவர்லே பெல் ஏர் நின்றது. அறுபத்து மூன்றாம் வருடத்து வண்டி, நான்கு கதவு, வெளிறிய பச்சை. எண்பத்து மூன்றில் ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கியது. வண்டியின் சொந்தக்காரர் இறந்துபோயிருந்தார். "இன்ஜின மாத்தினாரு, அது மட்டும் தெரியும்" என்று அவருடைய மனைவி சொன்னாராம். என்ன இன்ஜின், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

அந்த வகை இன்ஜின்களில் சின்னதும் பெரியதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை கன அங்குலம் என்பதுதான் ஒவ்வொன்றுக்கும் பெயர். முன்பக்கம் ஒரு சின்னத் தட்டில் எண் அடித்திருப்பார்கள். இதில் ஏதோ ஒரு பட்டறைக்காரர் மேற்பரப்பைச் சீவும்போது அந்த எண்ணையும் சேர்த்துச் சீவிவிட்டார். மிச்சம் இருப்பது இரும்பை வார்க்கும்போதே அதில் விழுந்த எண். அது இன்ஜினின் பின்பக்கம், ஓட்டுநர் பக்கமாக, உட்காரும் இடத்தைப் பிரிக்கிற தகட்டை ஒட்டிய இடுக்கில் இருக்கும். கண்ணாடியும் கம்பி பிரஷும் இருந்தால் படித்துவிடலாம். அவை இரண்டும் அந்தக் கராஜுக்குள் வரக்கூடாது என்பது வெர்லின் போட்ட விதி.

"பாத்துப் படிக்கிறதுக்கு மூளை எதுக்கு? யோசிச்சுச் சொல்லுங்க" என்பார்.

பதினான்கு வருடமாக யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் பழுது பார்த்த க்ளீட் பார்லோவும், பள்ளிப் பேருந்து ஓட்டிய ஹார்லன் வாஸும் ஒரு வாரம்கூடத் தவறமாட்டார்கள். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். ஒன்பது மணிக்கு வந்தால் பதினொன்றரை வரை இருப்பார்கள்.

"முன்னூத்தி இருபத்தேழுதான்யா இது. அந்த உறுமலக் கேளு. என் அண்ணன் வண்டியில இதுதான் இருந்துச்சு" என்பார் க்ளீட்.

"ஒங்க அண்ணன் வண்டிய நான் தள்ளிப் பாத்திருக்கேன். ஓடிப் பாத்ததில்ல" என்பார் ஹார்லன். "இது முன்னூத்தி அம்பது."

"எண்ணெய் ஊத்துற குழாய் முன்னாடி நிக்குது பாரு. உன் முன்னூத்தி அம்பதுல அது எங்கருந்து வந்துச்சு?"

"மேல் பாகத்த எவனாவது மாத்திப் போட்டிருந்தா?"

"உன் மண்டையிலயும் மேல் பாகத்த எவனோ மாத்திட்டான்."

வெர்லின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். பேச்சில் யார் தோற்கிறாரோ அவர் பக்கம் சேர்ந்து, "அவன் சொல்றதுலயும் விஷயம் இருக்குல்ல?" என்று ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார். இன்னும் அரை மணி நேரம் ஓடும்.

முப்பத்தோரு வருடம் அவர் தானியக் கிடங்கில் எடைமேடைக்காரராக இருந்தவர். லாரி மேடையில் ஏறும். எடை விழும்வரை ஓட்டுகிறவன் ஜன்னலோரம் இரண்டு நிமிடம் பேசுவான். அறுவடை மாதத்தில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது லாரி. யார் வீட்டில் அறுவை சிகிச்சை, யார் மகன் பண்ணைக்குத் திரும்ப மாட்டேன் என்றான், எல்லாம் அந்த ஜன்னல் வழியாக அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அந்த நூற்றைம்பது பேரில் ஒருவரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை இன்னோர் ஆண்பிள்ளையின் வீட்டுக்குச் சும்மா போவதில்லை. ஏணி இரவல் வாங்கப் போவான், திருப்பிக் கொடுக்கப் போவான். அவ்வளவுதான். ஓய்வு பெற்ற அந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை வெர்லின் கராஜ் கதவைத் திறந்துவைத்து, காரின் இன்ஜின் மூடியைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் வண்டியை நிறுத்தியவர் க்ளீட்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கோடையில் காரின் தண்ணீர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. இன்ஜினைக் குளிர்விக்கிற பச்சைத் திரவம் சிமெண்ட் தரையில் எண்ணெய்போல் வழுக்கும். ஒரு புதன்கிழமை அவருடைய நடைச் சட்டத்தின் கால் அதில் சறுக்கியது. இடுப்பு வாரைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அந்த இடுப்பு இன்னொரு முறை உடைந்தால் அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி முதியோர் இல்லத்தில் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

உதிரி பாகக் கடைக்குப் போன் செய்தேன்.

"பம்ப் இருக்கும்மா. என்ன இன்ஜின்?" என்றான் அங்கிருந்த பையன்.

"அது யாருக்கும் தெரியாதாம்."

"பின்னாடி எண் இருக்குமே. தேச்சுட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அஞ்சு நிமிஷ வேலை."

வியாழக்கிழமை காலையில் மாவட்ட வேன் வந்து வெர்லினை உடற்பயிற்சிக்கு அழைத்துப் போகும். அவர் போனதும் கையுறை மாட்டி, முக்காலி போட்டு ஏறி, காரின் பக்கவாட்டில் சாய்ந்தேன். எண் இருக்கவேண்டிய இடத்தில் படிந்திருந்ததைப் பிசுக்கு என்றுதான் நினைத்தேன். சுரண்டியதும் தெரிந்தது, அது தார். கூரை ஓட்டையை அடைக்கிற தார். கட்டைவிரலால் அழுத்தித் தடவிய கோடுகள்கூட அதில் அப்படியே இருந்தன. இன்ஜினின் பின்பக்கத்துக்குத் தார் தானாகப் போகாது. அது எனக்கு அப்போதே புரிந்தது. நிறுத்தியிருக்கலாம். தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்று, ஒன்பது, ஏழு, பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம். படம் எடுத்து அனுப்பினேன்.

பையன் உடனே கூப்பிட்டான். "முன்னூத்தி ஏழும்மா. எழுபதுகள்ல வீட்டு வண்டியில போட்ட சாதா இன்ஜின். பம்ப சனிக்கிழமை காலைல எடுத்துக்கலாம்."

வெர்லின் திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் சட்டத்தைப் பிடித்தபடி சமையலறையில் நின்றார்.

"முன்னூத்தி ஏழாம்" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வாங்கின மறுநாள்லேர்ந்து." பிறகு, "வேலைய விட்ட வருஷம்தான் தாரப் பூசினேன்" என்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, வெர்லின்."

"சொன்னா அப்புறம் என்ன இருக்கு?"

"அந்த ஆளுங்களக் கூப்பிடுங்க. காபி குடிக்க வாங்கடான்னு சொல்லுங்க. இதுல என்ன கஷ்டம்?"

"எதுக்குன்னு கேப்பானுங்க."

"சும்மாதான்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் சட்டையில்லாமல் தேவாலயத்துக்குப் போகச் சொன்னதுபோல் இருந்தது. மத்தியானம் சூப்பைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது அவர் கராஜில் இருந்தார். மடியில் பழைய தார் டப்பா, கையில் ஸ்க்ரூடிரைவர். தார் கல்லாகக் காய்ந்திருந்தது. இரவெல்லாம் குத்தியிருப்பார் போலிருக்கிறது. டப்பாவில் சோளமணி அளவுக்குத்தான் ஒரு குழி. அதை இளக்கியிருந்தாலும் அந்த இடுப்போடு அவரால் காருக்குள் குனிய முடியாது. அது அவருக்கும் தெரியும்.

டப்பாவை வாங்கிக் குப்பையில் போட்டேன். கடைத்தெருவுக்குப் போய்ப் புது டப்பா வாங்கி வந்தேன். மறுபடியும் முக்காலி, மறுபடியும் கையுறை. எண் மறைகிறவரை பூசினேன். அவர் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பம்பை எடுத்து வந்து மாட்டிக்கொடு என்று க்ளீட்டிடம் போனில் சொன்னார். அன்று ராத்திரிக்கு எடுத்துவைத்த சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டிருந்தார் என்று மறுநாள் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கடைப் பையனின் வாயை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை க்ளீட் பம்போடு வந்து இறங்கும்போதே, "முன்னூத்தி ஏழாமே வெர்லின். கடையில பையன் சொன்னான். யாரோ எண்ண அனுப்பினாங்களாம்" என்றார். குரலில் குற்றம் எதுவும் இல்லை. மழை வருமாமே என்பதுபோல்தான் சொன்னார்.

ஹார்லன் டார்ச்சை அடித்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். தார் இன்னும் காயவில்லை. வெளிச்சத்தில் பளபளத்தது. அவர் தாரைப் பார்த்தார், வெர்லினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான்தான் பூசினேன். எண்ணப் படிச்சதும் நான்தான்" என்றேன்.

க்ளீட் பம்பை மாட்டினார். ஒரு மணி நேர வேலை. அந்த நேரம் முழுக்க ஸ்பானர் சத்தம் மட்டும்தான்.

"உள்ள சுத்துற கிராங்க் தண்டு வேறயா இருக்கலாம்" என்றார் வெர்லின். "எண்ணு வெளிக்கூட்டுக்குத்தான. உள்ள என்ன போட்டிருக்கான்னு யாரு கண்டா? முன்னூத்தி அம்பது கிராங்க் இதுல உக்காரும், அளவே மாறிடும்."

அது சரியான பேச்சு. இன்னும் பத்து வருடத்துக்குத் தாங்கும். ஒரு மாதம் முன்பு சொல்லியிருந்தால் ஹார்லன் குதித்திருப்பார். க்ளீட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும்யா" என்றார். பத்தரைக்குப் போய்விட்டார்கள். காபி கெட்டிலில் பாதி மீதி.

அடுத்த வாரம் ஹார்லனுக்குப் பேத்தியின் பந்தாட்டம். க்ளீட்டுக்கு வைக்கோல் கட்டும் வேலை. அதற்கடுத்த வாரம் ஒருவரும் காரணம்கூடச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றிருந்தால் அவர்கள் திட்டியிருப்பார்கள். திட்டுவது அவர்களுக்கு நன்றாக வரும். எதற்காக அந்தத் தார் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்த பிறகு அவர் முகத்தைப் பார்த்து உட்கார அவர்களுக்குத் தெரியவில்லை.

வெர்லின் சனிக்கிழமைகளில் மூடியைத் தூக்கிவைத்து உட்கார்ந்தார். சாலையில் போகிற வண்டிகள் ஹாரன் அடித்துப் போயின. அவர் ஒரு விரலைத் தூக்குவார். எடை குறைய ஆரம்பித்தது. ஜூலையில் நான்கு பவுண்டு, ஆகஸ்டில் ஐந்து. நான் மருத்துவருக்கு எழுதினேன். சத்துப் பானம் கொடுக்கச் சொல்லிப் பதில் வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் நானே க்ளீட்டின் எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்தேன். "பேசுங்க. நான் துணி காயப்போடப் போறேன்."

போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"க்ளீட், நான் வெர்லின்."

"சொல்லுய்யா. பம்ப் ஒழுகுதா?"

"இல்ல. பம்ப் நல்லா இருக்கு."

"ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகுது."

போனில் க்ளீட்டின் வீட்டு நாய் குரைப்பது எனக்கே கேட்டது. நீண்ட நேரம் குரைத்தது.

"அப்புறம்?" என்றார் க்ளீட்.

"ஒண்ணுமில்ல" என்றார் வெர்லின். போனை வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு க்ளீட்டின் வண்டி வந்து நின்றது. இறங்கி, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு காரைப் பார்த்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார்.

"ஒக்காரேன்" என்றார் வெர்லின்.

க்ளீட் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோளத்துக்கு மழை போதாது என்று க்ளீட் சொன்னார். போதாதுதான் என்று வெர்லின் சொன்னார். சமையலறைக் கடிகாரப்படி இருபது நிமிடம். க்ளீட் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, "சரிய்யா" என்று எழுந்து போனார்.

வண்டி திருப்பம் தாண்டும்வரை வெர்லின் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வந்தான்?" என்று கேட்டார்.

"நீங்க கூப்பிட்டதுக்கு."

"நான் எங்க கூப்பிட்டேன்? போன்ல ஒண்ணுமே சொல்லலயே."

"அவருக்கு அது போதுமா இருந்திருக்கு."

அவர் அதை யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். மாத்திரை நேரம் தாண்டிவிட்டது. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை க்ளீட் வரவில்லை. அதற்கடுத்ததில் வந்தார். இருபத்தைந்து நிமிடம் இருந்தார்.