அசையாம படுங்க, மூளையைப் படம் எடுக்கணும்

மூளையைப் படம் எடுக்கும் வேலையில் பாதி நேரம் "அசையாதீங்க" என்று சொல்வதில் போகும். மீதி நேரம் "இன்னும் கொஞ்சம்தான்" என்று பொய் சொல்வதில் போகும். வீட்டில் மறதிக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒரே கேள்விக்குப் பதினைந்தாவது தடவையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மாதிரிப் பொய்யின் அருமை தெரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் உதவியாளர். மறதி நோய் மூளையை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பதற்காக, மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் வயதானவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை வேனில் கீழே ஈப்போ நகரத்துக்கு இறக்கி ஸ்கேன் எடுக்கிறோம். பிறகு அதை முந்தின வருஷப் படத்தோடு ஒப்பிடுவார்கள். மறதி உள்ளவர்களும் வருவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மறதி இல்லாதவர்களும் வருவார்கள். ஆள் சேர்ப்பது, தமிழில் கேள்வி கேட்பது, வேன் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது, மலைப்பாதை வளைவுகளில் வாந்திப் பை நீட்டுவது எல்லாம் என் பொறுப்பு. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எனக்கு 'மிஸ்ஸி' என்றுதான் பேர்.

பட்டுச் சேலை

மாரியாயிக்கு எழுபது வயதுக்கு மேல். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர். "உங்களைப் படம் எடுக்கணும், வரீங்களா?" என்று நான் கேட்டதுதான் தப்பு. குறித்த நாளில் வேன் போய் நின்றால், அரக்குப் பட்டுச் சேலை, முகம் நிறையப் பவுடர், கொண்டையில் கனகாம்பரம் என்று வாசலில் நிற்கிறார். மருமகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம், கேட்கவில்லையாம்.

ஸ்கேன் அறைக்குள் துளி இரும்பு போகக்கூடாது. மெஷின் பெரிய காந்தம். கொண்டையிலிருந்து பின் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பட்டுச் சேலை மடித்து ஓரமாகப் போனது; ஆஸ்பத்திரி கவுன் வந்தது. எல்லாம் முடிந்து, மெஷினை இயக்கும் ஃபாரா ஆசையாகத் திரையில் மூளையைக் காட்டினாள். மாரியாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி வருத்தமாகச் சொன்னார்: "இவ்ளோ பவுடர் போட்டுட்டு வந்தேன், மூஞ்சியே விழலியே மிஸ்ஸி."

பெருமாளின் தூக்கம்

மெஷின் போடும் சத்தத்துக்குப் பயந்து பாதியில் எழுந்து வந்தவர்கள் நிறையப் பேர். காதுக்குள் பஞ்சு வைத்தாலும் தட்தட்தட்டென்று மண்டைக்குள் இடிக்கும். பெருமாள் விஷயத்தில் எனக்கு ரொம்பக் கவலை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். இன்று என்ன கிழமை, எந்த ஊர், கூட வந்திருக்கும் மகன் பேர் என்ன, எதுவும் சொல்லத் தெரியவில்லை. உள்ளே அனுப்பினால் பயந்துவிடுவாரோ என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் ஆரம்பித்ததும் அவர் தூங்கிப்போனார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மிகத் தெளிவான படம் அவருடையதுதான். ஓர் அசைவு இல்லை. வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தவர், மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஃபாராவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "பேரிங் தேஞ்சிருக்கு. தொரைகிட்ட சொல்லிடு, இல்லேன்னா நாளைக்குக் கொழுந்து தேங்கிப்போயிடும் லா."

சட்டைப் பையில் தாலி

பார்வதியும் ராமையாவும் முதல் வருஷமே சேர்ந்தவர்கள். பார்வதிக்கு மறதி முற்றியிருந்தது. புருஷனையே அடையாளம் தெரியாது; யாரோ நல்ல மனுஷன், வேளாவேளைக்குச் சோறு போடுகிறார் என்ற அளவில் வைத்திருந்தார். ராமையா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மறதி இல்லாதவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொண்டோம்.

பார்வதியின் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னதும் பிரச்சினை வந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஃபாராவுக்கும் கைகால் ஓடவில்லை. அன்றைக்கு ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்லப் போகும்போது ராமையா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கொக்கி தளர்ந்திருக்கிறது, எங்கேயாவது விழுந்துவிடும், சரி பண்ணித் தருகிறேன் என்று ஆசாரி மாதிரி நிதானமாகப் பேசினார். பார்வதி கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானே கழற்றிக் கொடுத்தார். ராமையா அதைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டி, ஸ்கேன் முடியும் வரை பையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

முடிந்ததும் வராந்தாவில் வைத்து அவரே கழுத்தில் மாட்டிவிட்டார். பார்வதி தலையைக் குனிந்துகொண்டார். முகம் சிவந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே ரகசியமாகக் கேட்டார்: "எங்க அப்பாகிட்ட கேட்டுட்டீங்களா?"

ராமையாவின் முறை

ஸ்கேனுக்கு முன்னால் நான் மூன்று வார்த்தை சொல்வேன். ஐந்து நிமிஷம் கழித்து அவர்கள் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் ராமையா மூன்றையும் சொல்லிவிட்டு, "இதெல்லாம் ஒரு பரீட்சையா" என்று சிரித்தார். இரண்டாம் வருஷம் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். விதிப்படி நான் அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். போக மனசு வரவில்லை, காத்திருந்தேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்திலும் தெரிந்தது. காதுக்கு நேர் உள்ளே, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பகுதி இருக்கிறது. ஞாபகம் அது வழியாகத்தான் உள்ளே போகும். முந்தின வருஷத்தை விட அது சிறுத்திருந்தது. முடிவு தெரிய வேண்டும் என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்ததால் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். டாக்டர் மலாயில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். ராமையா கேட்டது ஒன்றே ஒன்று: இன்னும் எத்தனை நாள் அடுப்புப் பற்றவைக்கலாம்? இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் வேறு ஆள் துணை வேண்டும் என்றார் டாக்டர்.

வேனுக்கு நடந்து வரும்போது, பார்வதி அம்மாவிடம் எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் நின்று, முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தபடி சொன்னார்: "சொல்ல வேணாம் மிஸ்ஸி. சொன்னா அஞ்சு நிமிசத்துல மறந்துருவா, ஆனா அந்த அஞ்சு நிமிசம் அழுவாளே."

கோமதி வந்தபின்

அவர்களுக்கு ஒரே மகள், கோமதி. அதே மலையில், பிரிஞ்சாங் ஊரில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அம்மாவின் நிலைமை அவளுக்கு முழுதாகத் தெரியாது. போன் வரும்போதெல்லாம் ராமையா, அம்மா குளிக்கப் போயிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சமாளித்திருக்கிறார். தீபாவளிப் பெருநாளைக்கு வந்தால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பேசாமல் படுத்திருக்கிறாள் என்பார். மகளுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறதே என்ற எண்ணம்தான்.

அந்த வாரம் அவளுக்குப் போன் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி என்னைக் கேட்டார். கோமதி முதலில் கத்தினாள். மறுநாள் மதியம் புருஷனோடு வந்து, துணிமணிகளை மூட்டை கட்டி, இரண்டு பேரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

மூன்றாம் வருஷம் வேனில் இருவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்து வந்தாள். டாக்டர் இருவரின் படங்களையும் வருஷ வரிசையில் வைத்து, மூளை சுருங்கிய இடத்தில் கறுப்பு இடைவெளி எப்படி அகலமாகிக்கொண்டு வந்திருக்கிறது என்று காட்டினார். வலிக்குமா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் தலையை ஆட்டினாள். வெளியே வந்தபோது பார்வதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பசிக்குது" என்றார். அக்கா இல்லை, உங்கள் மகள் என்று நான் திருத்தப் போனேன். கோமதி என்னைத் தடுத்தாள். பையிலிருந்து ரொட்டியை எடுத்து அம்மாவுக்குப் பிய்த்துக் கொடுத்தபடியே சொன்னாள்: "விடுங்க மிஸ்ஸி. அம்மாவுக்கு அவங்க அக்கான்னா உசிரு. இருக்கறதிலேயே நல்ல எடத்துலதான் என்னை வெச்சிருக்காங்க."

மூளை சுருங்குவதை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் குழுவில் சம்பளம் வாங்கும் நான், இதை எழுதி முடித்ததிலிருந்து வேன் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதை எங்கள் டாக்டரிடம் யாரும் சொல்லாமல் இருந்தால் புண்ணியம்.